மீளப்பெறும் உணவும் நம்மவர் உரிமையும்

கடைக்காரர் ஒருவர் காலை வேளையிலே தட்டிலிருந்த பால்மாப் பைக்கற்றுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பெட்டியில் அடுக்குகிறார். ஏனென்று கேட்டால், "கொம்பனி திருப்பி எடுக்குதாம்" என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றுந் தெரியாது. கைக்குழந்தையோடு வந்த தாய் திகைத்து நிற்கிறாள். நேற்றிரவு பிள்ளைக்குக் கரைத்துக் கொடுத்தது அந்தப் பால்மாதானா? வீட்டில் மீதியாயிருக்கும் அரைப் பைக்கற்றை என்ன செய்வது? கொடுத்த காசு திரும்பி வருமா? இத்தனைக்கும் மேலாக, இதனை முதலில் அறிந்தவர் யார், அறிந்த நாள் எது, அன்றிலிருந்து இன்றுவரை அவர் வாய் மூடியிருந்தது ஏன்?

இக் கடைசிக் கேள்வியை அத் தாய் கேட்கமாட்டாள். கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. வேறொரு வகைப் பால்மாவை வாங்கிக்கொண்டு, தெய்வம் காக்கும் என்று வீடு திரும்புவாள். வாக்குரிமை, மொழியுரிமை, காணியுரிமை என்று மேடைதோறும் முழங்கும் நாமும், உண்ணும் உணவைப் பற்றிய உண்மையை அறியும் உரிமையை ஓர் உரிமையாக எண்ணிப் பேசியது மிகக் குறைவு. இக் குறையில் எமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொண்டே இதனை எழுதுகிறோம்.

மீளப்பெறல் என்பது யாது? சந்தைக்கு வந்துவிட்ட ஓர் உணவுப்பண்டம் உண்பார்க்குத் தீங்கு செய்யக்கூடும் என்று தெரிந்தவுடன், அதனைச் செய்தவரோ, இறக்குமதி செய்தவரோ, அரசின் கட்டளையினாலோ தம் விருப்பினாலோ, கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் அதனைத் திருப்பி அழைப்பதாகும். தீங்கு பலவகைப்படும். நோய்க்கிருமி கலந்திருக்கலாம், நஞ்சு கலந்திருக்கலாம், கண்ணாடித் துண்டோ உலோகத் துண்டோ விழுந்திருக்கலாம், கச்சானோ பாலோ ஒவ்வாதவர்க்கு உயிராபத்தாகக் கூடிய நிலையில், அது சேர்ந்திருப்பதை மேலுறையில் எழுதாமல் விட்டிருக்கலாம். அமெரிக்கர் இவற்றை மூன்று வகுப்பாகப் பிரித்துள்ளனர். உயிருக்கோ உடலுக்கோ கடுங்கேடு நேரக்கூடியது முதலாம் வகுப்பு. தற்காலிகமான கேடு இரண்டாம் வகுப்பு. கேடு நேர்வது அரிது, ஆயினும் சட்டத்துக்கு மாறானது மூன்றாம் வகுப்பு. மீளப்பெறுவது பெரும்பாலும் ஒரு கொம்பனியின் சரக்கு முழுவதையுமன்று; குறித்த நாளிற் செய்த, குறித்த தொகுதி இலக்கமுடைய சரக்கை மாத்திரமே. இந்தத் தொகுதி இலக்கம் என்னும் சிறு அச்சடிப்பு பற்றிப் பின்னரும் பேசவேண்டியிருக்கிறது.

2013-ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தை நம்மிற் பலர் மறந்திருக்கமாட்டார்கள். இலங்கை மக்கள் குடிக்கும் பால்மாவிற் பெரும்பகுதியை அனுப்பும் நாடு நியூசீலாந்து. அந்நாட்டின் மிகப் பெரிய பாற்பொருட் கூட்டுறவு நிறுவனமாகிய பொன்டெரா, அம் மாதத் தொடக்கத்திலே ஓர் அறிவித்தலை வெளியிட்டது. முந்திய ஆண்டு மே மாதத்தில் அதன் ஹவுடப்பு ஆலையிற் செய்யப்பட்ட 38 தொன் மோர்ப்புரதச் செறிவிலே பொட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் கிருமி இருக்கலாம் என்பதே அவ்வறிவித்தல். அச் செறிவு குழந்தை உணவுகளிற் சேர்க்கப்படுவது. பல நாடுகள் கதவடைத்தன. குழந்தை உணவுகள் பல நாட்டுக் கடைகளிலிருந்து இறக்கப்பட்டன. ஆனால் அம் மாத இறுதியில், ஓகஸ்ட் 28-இல், நியூசீலாந்து அரசு தன் பரிசோதனைகளின் முடிவை வெளியிட்டது. இருந்தது பொட்டுலிசக் கிருமியன்று. அதன் இனத்தைச் சேர்ந்த, அந் நஞ்சை உண்டாக்காத வேறொரு கிருமி. எச்சரிக்கை பொய்த்தது.

அதே மாதத்தில் இலங்கையில் எழுந்ததோ வேறொரு வழக்கு. டைசயன்டயமைட்டு, சுருக்கமாக டி. சி. டி., என்று ஓர் இரசாயனப் பொருள் உண்டு. மேய்ச்சல் நிலத்தில் இட்ட நைதரசன் ஆற்றிற் கரைந்து ஓடாதபடி தடுப்பதற்காக நியூசீலாந்துக் கமக்காரர் அதனைப் புல்லின்மேல் தெளித்து வந்தனர். பசு மேய்ந்தது, பாலில் அதன் சுவடு வந்தது. 2013 ஜனவரியில் இது உலகறிந்த செய்தியாகி, அங்கு அப்பொருளின் விற்பனை நிறுத்தப்பட்டது. உணவில் இவ்வளவு இருக்கலாம், இதற்கு மேற்படலாகாது என்று சர்வதேச அளவு ஒன்றும் அதற்கு இருக்கவில்லை. உணவில் வரும் என்று எவரும் எதிர்பாராத பொருளுக்கு அளவு எங்ஙனம் இருக்கும்? நமது சுகாதார அமைச்சு, இங்கே செய்த பரிசோதனையிற் சில தொகுதிகளில் டி. சி. டி. காணப்பட்டது என்று கூறி, அவற்றை மீளப்பெறக் கட்டளையிட்டது. கொம்பனி பரிசோதனையின் செம்மையை மறுத்தது. எனினும் சரக்கைத் திருப்பி எடுத்தது. நீதிமன்றம் ஒன்று விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் இரு வாரத் தடை விதித்தது. கொம்பனி சில நாட்கள் தன் வேலைத்தலங்களையே மூடிவைத்தது. பின்னர் எல்லாம் பழையபடி நடந்தது.

இவ் விரண்டும் வெவ்வேறு விடயங்கள் என்பதை அன்று நம்மிடையே எத்தனை பேர் அறிந்திருந்தோம்? ஒன்று கிருமி பற்றியது, மற்றது இரசாயனம் பற்றியது. ஒன்று மோர்ப்புரதம், மற்றது பால்மா. ஒன்றிலே அஞ்சியது உயிரைக் குடிக்கக்கூடிய நோய்; மற்றதிலோ உடனடித் தீங்கு உண்டென்று எவரும் நிறுவிக் காட்டவில்லை. தேநீர்க்கடை வாங்கிலே இரண்டும் ஒன்றாய்க் கலந்து, "பால்மாவிலே நஞ்சு" என்ற இரண்டே சொற்களாய் முடிந்தது. படித்த உத்தியோகத்தரும் அப்படியே பேசினர். சாட்சியத்தைப் பிரித்துப் பார்க்கப் பயின்ற எமது தொழிலினரும் விதிவிலக்கல்லர் என்று கூற வெட்கப்படுகிறோம்.

அந்தப் பொய்த்த எச்சரிக்கைக்காகப் பொன்டெரா பெருவிலை கொடுத்தது. நியூசீலாந்து நீதிமன்றில் நான்கு குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு 2014-இல் 3 இலட்சம் நியூசீலாந்து டொலர் தண்டம் கட்டியது. அதன் சரக்கை வாங்கிக் குழந்தை உணவு செய்த டனோன் என்ற கொம்பனிக்கு 105 மில்லியன் யூரோ கொடுக்கவேண்டுமென நடுத்தீர்ப்பாளர் 2017-இல் தீர்த்தனர். இதைக் கண்டு, "வாய் திறந்ததனால் வந்த வினை இது, பேசாதிருந்திருக்கலாம்" என்று வணிகர் சிலர் கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். அப்படிக் கூறுவோர் 2008-ஆம் ஆண்டின் சீன நாட்டு வரலாற்றைப் படிக்கவேண்டும்.

சன்லு என்பது அந்நாட்டின் பெரிய பால்மாக் கொம்பனிகளுள் ஒன்று. பாலுக்கு நீர் வார்த்தால் புரதம் குறையும். புரதத்தை அளக்கும் பரிசோதனையோ நேராகப் புரதத்தை அளப்பதன்று. அதிலுள்ள நைதரசனை அளந்து புரதத்தைக் கணிப்பது. இதனை அறிந்த இடைத்தரகர், நைதரசன் மிகுந்த மெலமைன் என்னும் பொருளை நீர்ப்பாலிற் கலந்தனர். பிளாஸ்திக்குத் தட்டுகள் செய்ய உதவும் பொருள் அது! குழந்தைகளின் சிறுநீரகத்திலே கல் விளைந்தது. முறைப்பாடுகள் 2007 டிசெம்பரிலேயே கொம்பனிக்கு வரத் தொடங்கின. 2008 ஓகஸ்ட் தொடக்கத்தில் கொம்பனி நகர அதிகாரிகளுக்குச் சொன்னது. பெய்ஜிங்கில் ஒலிம்பிக் விழா நடக்கவிருந்த வேளை, அதிகாரிகள் அசையவில்லை. சன்லுவின் பங்குகளில் 43 வீதம் நாம் முன்பு கூறிய அதே பொன்டெராவிடம் இருந்தது. செப்டெம்பரில் நியூசீலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் நேராகப் பெய்ஜிங் அரசுக்கு அறிவித்த பின்னரே மூடி திறந்தது. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் இறந்தனர். கொம்பனித் தலைவிக்கு ஆயுட்காலச் சிறை. கலப்படத்திற் பங்கு கொண்ட இருவருக்கு 2009-இல் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. கொம்பனி முறிந்தது.

2013-இற் பொய்யான எச்சரிக்கையால் வணிகருக்குப் பணம் போயிற்று. 2008-இல் உண்மையான மௌனத்தால் ஏழைகளின் பிள்ளைகள் மாண்டனர். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால், பத்துப் பொய்யெச்சரிக்கைகளை ஏற்றுக்கொள்வோம், ஒரு மௌனத்தை ஏற்கமாட்டோம் என்பதே எமது விடை. ஆதலின், ஒரு கொம்பனி தானே முன்வந்து தன் பண்டத்தைத் திருப்பி அழைக்கும்போது, அதனைக் கள்வனைப் பிடித்ததுபோற் கருதி ஆரவாரஞ் செய்வது பேதைமை என்போம். அறிவித்தவனைத் தண்டித்தால் அடுத்தவன் அறிவிக்கமாட்டான். அறிந்தும் ஒளித்தவனுக்கே சட்டத்தின் முழுப் பாரமும் விழவேண்டும். அமெரிக்காவிலே 2008-2009-இல் கிருமி கலந்த கச்சானை அறிந்தே விற்ற கொம்பனி ஒன்றினால் ஒன்பது பேர் இறந்தனர். அக் கொம்பனித் தலைவருக்கு 2015-இல் 28 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவர் ஒருவரின் கச்சான் பிஸ்கட்டிலும் இனிப்பிலும் பனிக்கூழிலும் புகுந்தமையால் மீளப்பெற்ற பண்டங்கள் 3,900 வகைக்கு மேற்பட்டன. பட்டியல் நீண்டிருக்கிறதே, எல்லாரும் கள்வரோ என்று மலைப்பவர்கள் இதனை நினைவிற் கொள்க. மூலம் ஒன்று, கிளை ஆயிரம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம்.

1928 ஓகஸ்டில் ஸ்கொத்லாந்தின் பெயிஸ்லி நகரத்துத் தேநீர்ச்சாலை ஒன்றில் ஒரு பெண்ணுக்கு அவருடைய சினேகிதி இஞ்சிச்சோடா வாங்கிக் கொடுத்தார். போத்தல் ஒளி ஊடுருவாத நிறமுடையது. பாதி குடித்தபின் மீதியை வார்த்தபோது அழுகிய நத்தை ஒன்று விழுந்தது என்பது வழக்கு. காசு கொடுத்தவர் சினேகிதி, நோயுற்றவர் இவர். கடைக்காரரோடு இவருக்கு ஒப்பந்தம் இல்லை. சோடாச் செய்தவரோடு அதுவும் இல்லை. இவருக்கு நியாயம் உண்டா? உண்டு என்று பிரபுக்கள் சபை 1932 மே 26-இல் தீர்த்தது, மூவருக்கு இருவர் என்ற ஒரே வாக்கு மிகுதியால். இடையில் எவரும் திறந்து பார்க்க இயலாத வகையிற் பண்டத்தை அடைத்து அனுப்புபவன், அதனை உண்பவன்பாற் கவனங் காட்டக் கடமைப்பட்டவன் என்பது அன்று நிலைபெற்றது. அந்த நத்தை உண்மையாகவே போத்தலில் இருந்ததா என்பது எந்த நீதிமன்றிலும் நிறுவப்படவில்லை என்பது இவ் வழக்கின் சுவை! சோடாச் செய்தவர் இறந்துபோக, வழக்குச் சமாதானமாய் முடிந்தது.

நமது நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம-ஒல்லாந்தச் சட்டமும், பிறர் கவலையீனத்தால் ஊறுபட்டவனுக்கு நட்டஈடு கோரும் வழியை வைத்திருக்கிறது. வாங்கியவனுக்கு 1896-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் உண்டு. அரசின் கையிலே 1980-ஆம் ஆண்டின் 26-ஆம் இலக்க உணவுச் சட்டம் உண்டு. மனிதர் உண்ணத் தகாத உணவைச் செய்வதும், இறக்குமதி செய்வதும், விற்பதும் அதன்படி குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்குட் புகவும், மாதிரி எடுக்கவும், நீதவான் முன் வழக்கிடவும் அதிகாரம் பெற்றவர். 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, முறைப்பாட்டை விசாரித்து, காசைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ வணிகனைப் பணிக்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குட் செய்யவேண்டும். நாலாம் மாதம் வந்து எமது அலுவலகப் படியேறி அழுவதிற் பயனில்லை.

சட்டம் இருக்கிறது; சாட்சியம் இருப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு கமக்காரர் தம் மனைவியோடும் மெலிந்த சிறுபிள்ளையோடும் எம்மிடம் வந்தார். பைக்கற்றில் அடைத்த தின்பண்டம் ஒன்றை உண்ட பிள்ளை மூன்று நாள் வைத்தியசாலையிற் கிடந்து பிழைத்தது. பைக்கற் எங்கே என்றோம். "அந்த நாசமாய்ப்போனதை அடுப்பிலே போட்டேன், ஐயா" என்றார் தாய். பற்றுச்சீட்டு? கிராமத்துக் கடையிற் சீட்டுக் கொடுப்பதில்லை. வைத்தியசாலைத் துண்டிலே உண்ட பொருளின் பெயர் எழுதப்படவில்லை, எவரும் சொல்லவில்லை. கடைக்காரர் அப் பண்டத்தைத் தாம் விற்றதே இல்லை என்று சாதித்தார். அன்று அவர்களை வெறுங்கையோடு அனுப்பினோம். அத் தாயின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபமே வழக்கை எரித்துவிட்டது. அந்தப் பைக்கற்றின் மூலையில் இருந்த இலக்கம் நம்மிடம் இருந்திருந்தால், அதே இலக்கத்துப் பண்டத்தை உண்ட வேறு எத்தனை பிள்ளைகளைத் தடுத்திருக்கலாமோ!

ஆகவே மீளப்பெறல் அறிவித்தல் ஒன்று காதில் விழுந்தால் முதலிற் செய்யவேண்டியது, பதறாமல் அதனை முழுதும் படிப்பது. படிக்கத் தெரியாதவர் படித்தவரைக் கொண்டு படிப்பிப்பது. எந்தப் பண்டம், எந்த அளவுப் பைக்கற், எந்தத் தொகுதி இலக்கம், எந்தக் காலாவதித் திகதி என்பவற்றைக் குறித்துக்கொண்டு, வீட்டுத் தட்டிலுள்ளதோடு ஒப்பிடவேண்டும். இலக்கம் பொருந்தவில்லையாயின் அச்சமின்றி உண்ணலாம். பொருந்தினால், அல்லது இலக்கம் அழிந்து ஐயம் இருந்தால், அப்பொழுதே நிறுத்தவேண்டும். "நேற்றும் உண்டோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பது நியாயமன்று. சில கிருமிகள் வாரங்கள் கழித்தே நோயைக் காட்டும். நாவில் வைத்துச் சுவை பார்த்தலும் மணந்து பார்த்தலும் வீண். மெலமைனுக்கும் கிருமிக்கும் நாற்றம் இல்லை. நன்றாய்க் கொதிக்கவைத்தால் தீமை போய்விடும் என்று நம் பெண்கள் நம்புவது பல கிருமிகளின் விடயத்தில் உண்மை. நஞ்சுகள் பலவற்றின் விடயத்தில் உண்மையன்று. கோழிக்கும் மாட்டுக்கும் போடுவதும், இல்லாத அயலாருக்குக் கொடுப்பதும் அதனினும் தீது.

எறிய வேண்டா, எரிக்கவும் வேண்டா. பைக்கற்றோடு வேறொரு பையிற் கட்டி, பிள்ளைகள் கைபடாத இடத்தில் வைத்து, கடைக்குக் கொண்டுபோய்க் காசையோ மாற்றுப் பண்டத்தையோ கேட்கவேண்டும். கொடுக்குமுன் மேலுறையின் இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்வதும், கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக்கொள்வதும் இக்காலத்தில் எவர்க்கும் எளிது. உண்டவர் நோயுற்றிருந்தால் பைக்கற்றைக் கடைக்குக் கொடுக்காமல் வைத்தியரிடம் கொண்டுசெல்க. உண்ட பொருளின் பெயரை வைத்தியசாலைத் துண்டில் எழுதுவித்துக்கொள்க. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அன்றே அறிவிக்க. பால்மாவையே நம்பியிருக்கும் கைக்குழந்தையாயின், பயத்தினால் நீர் கூட்டிக் கரைப்பதும் பட்டினி போடுவதும் கூடாது. மருத்துவமாதிடமோ சிகிச்சை நிலையத்திலோ மாற்று உணவு எதுவெனக் கேட்டறியவேண்டும். குளிர்ப்பெட்டி வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை: தென்னாபிரிக்காவிலே 2017-2018-இல் பதனிட்ட இறைச்சி ஒன்றினால் 200-க்கு மேற்பட்டோரைக் கொன்ற லிஸ்தீரியா என்னும் கிருமி குளிரிலும் வளர்வது. பண்டத்தை எடுத்தபின் அது இருந்த தட்டையும் கழுவித் துடைத்தல் வேண்டும்.

இவையெல்லாம் பைக்கற் இருந்தால் அல்லவா? நம்முடைய சந்தைகளிலே மிளகாய்த்தூளும், தேங்காய் எண்ணெயும், பருப்பும், மாவும் சாக்கிலும் பீப்பாவிலுமிருந்து நிறுத்தும் அளந்தும் விற்கப்படுகின்றன. சாக்கைப் பிரித்துக் கொட்டிய அக்கணமே தொகுதி இலக்கம் மறைந்தது. கொழும்பிலிருந்து எவ்வளவு நேர்மையான அறிவித்தல் வந்தாலும், சரையிற் சுற்றிய 100 கிராம் தூளிடம் அது பேசமுடியாது. இலக்கத்தைச் சாக்கிலிருந்து கிழித்துக் கடைச்சுவரில் ஒட்டிவைக்கும் வழக்கத்தையேனும் நம் வணிகர் சங்கங்கள் ஏற்படுத்தலாமே.

எண்ணெய் என்றவுடன் 2021 மார்ச் மாதம் நினைவுக்கு வருகிறது. சித்திரைப் புத்தாண்டுக்குப் பலகாரம் சுட வீடுதோறும் ஆயத்தமான வேளையில், இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சு காணப்பட்டதென்ற செய்தி வந்தது. சரக்கைத் திருப்பி அனுப்பக் கட்டளை பிறந்தது. ஆனால் எந்த வகை எண்ணெய், கடைக்கு வந்ததா, துறைமுகத்திலேயே நின்றதா என்ற தெளிவு மக்களுக்கு எட்டுமுன் வதந்தி எட்டிவிட்டது. பாராளுமன்றத்திற் கூச்சல், சட்டியிலே சந்தேகம்.

இந்த நஞ்சைப் பற்றிக் கமக்காரராகிய நம் வாசகர் சிறப்பாக அறிந்திருக்கவேண்டும். ஏனெனில் இது எந்தக் கொம்பனியும் கலப்பதன்று, பூஞ்சணம் செய்வது. 1960-இல் இங்கிலாந்திலே இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணந் தெரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கச்சான் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் என்று தெளிந்தது. இது ஈரலைக் கெடுப்பது, ஈரற்புற்றை உண்டாக்குவது. சாதாரண சமையற் சூட்டுக்கு அழிவதில்லை. கச்சானை மழையில் நனையவிட்டாலும், ஈரத்தோடு சாக்கிற் கட்டினாலும், கொப்பராவை அரைகுறையாய் உலர்த்தினாலும் அது குடியேறும். கச்சான் மணியில் ஈரம் 8 வீதத்துக்குக் கீழும், கொப்பராவில் 6 வீத அளவிலும் நிற்கவேண்டும் என்பர். வெறுந்தரையிற் பரப்பாமல் படங்கின்மேல் உலர்த்தி, சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கி ஒதுக்கினாற் பெரும்பகுதி தப்பும். ஒதுக்கியதை மலிவு விலைக்கு எண்ணெய் ஆலைக்குத் தள்ளுவோர் உளர். அவர் பெயரை நாம் எழுதவில்லை. அவர் மனம் அறியும்.

மீளப்பெறல் என்பது வாங்குபவனுக்கு மட்டும் உரியது, விளைவிப்பவனுக்குப் பகை என்று எண்ணவேண்டா. 2011 மே மாதத்திலே யேர்மனியிற் கொடிய வயிற்றுநோய் ஒன்று பரவி 50-க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஹம்பேர்க் அதிகாரிகள் ஸ்பானிய நாட்டு வெள்ளரிக்காயே காரணம் என்று அவசரப்பட்டு அறிவித்தனர். ஸ்பானியக் கமக்காரரின் வெள்ளரிக்காய் குப்பையிற் குவிந்தது. சில நாளிலே உண்மை வேறாயிற்று. நோய் வந்தது யேர்மனியிலேயே ஒரு பண்ணையில் முளைக்கவிட்ட வித்தின் முளைகளால். அந்த வித்தோ எகிப்திலிருந்து வந்த வெந்தயம் என்று முடிவாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் கமக்காரருக்கென 21 கோடி யூரோ ஒதுக்கியது. நாளை வன்னியில் ஒரு மூடைக் கச்சான் கெட்டிருந்தால், "வன்னிக் கச்சானை வாங்காதே" என்ற பேச்சு எழ எத்தனை நேரம் செல்லும்? நமக்கு 21 கோடி எவர் தருவார்? யாருடைய தோட்டம், எந்தத் திகதியிற் பிடுங்கியது, எத்தனை மூடை, யாருக்கு விற்றது என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்தவனே அன்று, "கெட்டது என்னுடையதன்று" என்று துணிந்து கூறமுடியும்.

மொழி பற்றியும் கூறாது விடுவதற்கில்லை. 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. அரசகரும மொழியில் அறிவித்தல் கேட்பது சலுகையன்று. தீங்கு பயக்கும் உணவைப் பற்றிய அறிவித்தல் ஒரு மொழியில் இன்றும், மற்றொரு மொழியில் மூன்று நாள் கழித்தும், அதுவும் பிழைமலிந்த மொழிபெயர்ப்பிலும் வருமாயின், அந்த மூன்று நாளும் தமிழ்ப் பிள்ளைகள் உண்டதற்கு யார் பொறுப்பு? மலைநாட்டுத் தோட்டத்து லயன் அறையிலிருக்கும் தாய்க்கும், மன்னார்க் கரையிலிருக்கும் தாய்க்கும், கொழும்புத் தாய்க்குத் தெரிந்த அதே மணித்தியாலத்திற் செய்தி தெரியவேண்டும். இதனை எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் சுகாதார அமைச்சரிடம் கேள்வியாகக் கேட்கட்டும். எத்தனை மணித்தியாலத்துள், எம் மொழிகளில், எவர் கையொப்பத்தோடு, எந்தக் கடைச்சுவர் வரைக்கும் அறிவித்தல் செல்லவேண்டும் என்பதற்கு எழுத்தில் விடை பெறட்டும்.

அதுவரை நாம் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. நம் ஊர்களிற் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு, சங்கக்கடைகள் உண்டு, வாசிகசாலைகள் உண்டு. கடைவாசலில் ஒரு பலகை, அதில் மீளப்பெற்ற பண்டங்களின் பெயரும் இலக்கமும் தமிழில். கடை மேசையில் ஒரு பதிவேடு, அதில் வந்த சரக்கின் தொகுதி இலக்கமும் வந்த திகதியும். முறைப்பாட்டுக் கடிதம் எழுதத் தெரியாதார்க்கு எழுதிக் கொடுக்க, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாசிகசாலையில் வாரத்துக்கு ஒரு மாலை. இவற்றிற்குச் சட்டத் திருத்தமும் வேண்டா, கொழும்புக்குத் தூதும் வேண்டா. உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இத் தீர்மானத்தை முன்மொழிய ஒருவர் எழுந்தால், வழிமொழிவதற்கு நாம் எந்த ஊருக்கும் வரச் சித்தமாயிருக்கிறோம்.